ஒன்பது வருடம், மிஞ்சியது ஏழு பார்: என் நிசான் லீஃப்

2016 கடைசியில் கொழும்பில் வாங்கி, லொறியில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுவந்த 2013ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார் இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. பற்றரி 24 கிலோவாற் மணி. நல்லூரில் வீடு, கொடிகாமத்தில் பள்ளிக்கூடம். போய்வர ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பழைய லீஃப் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது, பற்றரி இன்னும் எவ்வளவு கொள்ளும் என்று மானியில் காட்டும் 12 பாரும் (கோடுகள்) நிறைந்திருந்தன. விற்றவர் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். இரண்டு மாதத்துக்குள் இரண்டு பார் போய்விட்டது. பற்றரி அந்த இரண்டு மாதத்தில் கெடவில்லை. காரின் கணினி வைத்திருக்கும் பழைய கணக்கை அழித்துவிட்டால் மானி கொஞ்ச நாளைக்கு நிறைந்தே காட்டும், ஓட ஓட உண்மைக்கு இறங்கிவரும். பற்றரியைப் படிக்கும் லீஃப் ஸ்பை என்ற கைபேசிச் செயலி காட்டும் எஸ்.ஓ.எச். எண்ணும் (புதிதாக இருந்தபோது கொண்டதில் இப்போது எத்தனை சதவீதம் கொள்ளும் என்பது) இந்த வேலைக்குத் தப்பாது. அதனால் எண்ணைப் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். முழுதாகச் சார்ச் ஏற்றி, 50 கிலோமீற்றர் நீங்களே ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் திரும்ப நிரப்ப எத்தனை யூனிற் போகிறது என்று மீற்றரில் பாருங்கள். அதை யாராலும் அழிக்க முடியாது.

அழித்த கணக்கு உண்மைக்கு இறங்கிவந்த பிறகு, 2017இல் எஸ்.ஓ.எச். 79 சதவீதம். 2020இல் 70. இப்போது 58, ஏழு பார். முதல் பார் ஏறக்குறைய 85 சதவீதத்தில் போகும், பிறகு ஆறு சதவீதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இறங்கும்.

இந்தப் பற்றரியின் எதிரி சூடுதான். லீஃப் பற்றரியைக் குளிரவைக்கத் திரவமும் இல்லை, விசிறியும் இல்லை. உள்ளே ஏறிய சூடு தானாகத்தான் இறங்கவேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் 2012இலேயே பார்கள் வேகமாகப் போய், அதன் பிறகுதான் நிசான் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் கொடுத்தது. யாழ்ப்பாணம் அந்த அளவு கொதிக்காது. ஆனால் அங்கே பற்றரி ஆறுவதற்கு ஒரு குளிர்காலம் உண்டு, எங்களுக்கு அது இல்லை.

முதல் மூன்று வருடம் நான் செய்யக்கூடாததை எல்லாம் செய்தேன். பள்ளிக்கூட மைதானத்து வெயிலில் காலை முதல் நிறுத்திவைப்பேன். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்த கையோடு, பற்றரி கொதிக்கக் கொதிக்க வயரைச் செருகுவேன். ஒவ்வொரு நாளும் 100 வரை ஏற்றி அப்படியே விட்டுவிடுவேன். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி ஜப்பான் மொழி மெனுவுக்குள் இருந்தது, அது தெரியவந்ததே 2019இல்தான். இப்போது வேப்பமர நிழல், இரவு பத்து மணிக்குப் பிறகு சார்ச், 80 போதும். தூரப் பயணம் என்றால் மட்டும் 100, அதுவும் புறப்படுகிற நேரத்துக்கு நிறையும்படி.

2022ஐச் சொல்லாமல் விடமுடியாது. பெற்றோல் வரிசையில் சனம் நாள்கணக்கில் நின்றது. எனக்கு வரிசை இல்லை. ஆனால் மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் நடுச்சாமத்தில் வந்தாலும் எழும்பிப்போய்ச் செருகுவேன். அம்மாவை யாழ். போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு ஒரு தவணையும் தவறாமல் கூட்டிப்போனேன். அயலில் இரண்டு வீட்டாருக்கும் அப்போது இந்தக் கார்தான் அம்புலன்ஸ். அந்த மாதங்களுக்குப் பிறகு இதை விற்கும் எண்ணமே எனக்கு வரவில்லை.

அடுத்த வருடம் ஒரு சிக்கல். 20 சதவீதம் மிஞ்சியிருக்கும்போதே, கொஞ்சம் அழுத்தினால் ஆமை வடிவ எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை குறைந்துவிடும். செயலியில் பார்த்தால் 96 செல் சோடிகளில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து கிடந்தன. முழுப் பற்றரியையும் மாற்றச் சொன்னார்கள். நல்ல காலம், கொழும்பில் ஒரு கராஜில் அண்ணை ஒருவர் பெட்டியைத் திறந்து, 48 மொடியூலில் (ஒன்றுக்குள் இரண்டு சோடி) பழுதான இரண்டை மட்டும் கழற்றினார். உடைத்த கார் ஒன்றிலிருந்து, அதே அளவு தேய்ந்த இரண்டைத் தேடிப் போட்டார். புதிதாகப் போட்டால் பழையவற்றோடு ஒத்துவராது என்றார். எஸ்.ஓ.எச். ஏறவில்லை, ஆனால் ஆமை இன்றுவரை திரும்பி வரவில்லை.

மற்றச் செலவு பெரிதாக இல்லை: ரயர், வைப்பர், இரண்டு தடவை 12 வோல்ற் பற்றரி. பிரேக் பாட் இன்னும் மாற்றவில்லை. பெரிய பற்றரி தேய்ந்ததால் ஒரு மாற்றம், முன்பு எட்டு மணித்தியாலம் எடுத்த சார்ச் இப்போது ஆறுக்குள் முடிந்துவிடுகிறது.

முழுச் சார்ச்சில் ஏசி இல்லாமல் 80 கிலோமீற்றர் நம்பிப் போகலாம், ஏசியோடு 70. கிளிநொச்சி போனால் அங்கே சித்தி வீட்டில் செருகிவிட்டுச் சாப்பிட்டு, கதைத்து, பின்னேரம்தான் திரும்புவேன். வவுனியாவுக்கு பஸ். நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடுபவர் இந்த வயதுக் காரைத் தொடவேண்டாம். என்னைப்போல ஒரே பாதையில் 50 ஓடுபவருக்கு இது இன்னும் சில வருடம் தாராளமாக உழைக்கும்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கியதும், புதுசு எடுக்கவில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். 40 கிலோவாற் மணி பற்றரி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் இதே காருக்குள் போடலாம் என்று அந்த அண்ணை சொல்லியிருக்கிறார். கொடிகாமம் போய்வந்து 15 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் நாள் வரட்டும், அன்றைக்கு அவருக்குக் கோல் எடுப்பேன். நேற்று வீட்டுக்கு வரும்போது 31 நின்றது.