ஐரிஷ் பந்தயக் குதிரையில் பங்கு வாங்கும் முன் நெற்றிச் சுழியைப் பாருங்கள்

அயர்லாந்தில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த அழைப்பு அடிக்கடி வருகிறது. தடை தாண்டும் பந்தயத்துக்காக வளரும் இளம் குதிரையில் பத்தில் ஒரு பங்கு, முன்பணம் இவ்வளவு, அப்புறம் மாதாமாதம் இவ்வளவு. நானும் என்னோடு வேலை பார்க்கும் சிலரும் சேர்ந்து அப்படி ஒரு பங்கு வாங்கினோம், ஏமாற்றப்பட்டோம். வக்கீல் மூலம் விஷயம் நடப்பதால் நடத்தியவரின் பெயரை எழுதவில்லை. எப்படிச் செய்தார் என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சமதளப் பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓட ஆரம்பித்துவிடும். தடை தாண்டும் குதிரை அப்படி இல்லை. இங்கே பெரும்பாலும் மூன்று வயது வரை முதுகில் யாரும் ஏறாமல் புல்வெளியிலேயே வளர விடுவார்கள். ‘ஸ்டோர்’ என்று சொல்வது இவற்றைத்தான். கோடையில் மீத் கவுண்டியில் ஃபேரிஹவுஸிலும், கில்டேர் கவுண்டியில் கில் என்ற ஊரிலும் இவற்றுக்கென்றே பெரிய ஏலங்கள் நடக்கின்றன. அங்கே வாங்கிப் போனபிறகுதான் கடிவாளம், சேணம் எல்லாம். நான்கு வயதில், அமெச்சூர்கள் ஓட்டும் தடை தாண்டும் பந்தயமான பாயின்ட்-டு-பாயின்டிலோ, தடை இல்லாமல் ஓடும் பம்பரிலோ முதன்முதலாக இறங்கும். சில குதிரைகளுக்கு ஐந்து வயதுகூட ஆகும். முதுகெலும்பு முழுதாக முற்றவே ஐந்து வயது தாண்டும் என்பதால் அவசரப்படாதவர்தான் நல்ல பயிற்சியாளர்.

எங்களை ஏமாற்றியவர் பிடித்துக்கொண்டதும் இந்த உண்மையைத்தான். பணம் கட்டி ஒரு வருடத்துக்கு மேல் எந்தப் பலனும் தெரியாமல் இருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். கேட்டால், “மே கடைசியில் பிறந்தவன், இன்னும் பிஞ்சு, விட்டுப் பிடிக்க வேண்டும்” என்பார். ஜனவரி 1 அன்று இங்கே எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஒரு வயது கூடும் என்பதால் மே மாதக் குட்டி உண்மையிலேயே மற்றவற்றைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். சரியான காரணத்தைச் சொல்லியே ஒருவர் பொய் சொல்லும்போது கண்டுபிடிப்பது கஷ்டம்.

விற்கும்போது அவர் சொன்னது, “செல்டன்ஹாமில் ஜெயித்த குதிரையின் தம்பி.” தடை தாண்டும் குதிரைகளுக்கு இங்கிலாந்தில் நடக்கும் பெரிய பந்தயத் திருவிழா அது. வம்சாவளித் தாளை வாங்கிப் பார்த்தால் இரண்டுக்கும் அப்பா மட்டும்தான் ஒன்று. குதிரை உலகில் ஒரே தாய் வயிற்றில் பிறந்தால்தான் உடன்பிறப்புக் கணக்கு. பேர்போன பொலிக்குதிரை ஒன்று ஒரே பருவத்தில் நூறு, இருநூறு பெட்டைகளோடு சேர்கிறது. அப்படிப் பார்த்தால் ஊரில் பாதிக் குதிரைகள் அண்ணன் தம்பிகள்தான். குதிரையை வாங்கியதும் ஏலத்தில் இல்லை, தனிப்பேரத்தில். ஏலத்தில் வாங்கினால் மூச்சுக்கோளாறோ, மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கமோ மறைக்கப்பட்டிருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க விதி இருக்கிறது. தனிப்பேரத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிறகு பழக்கும் கட்டம். முறையாகச் செய்பவர்கள் முதலில் வாய்க்கு இரும்பைப் பழக்குவார்கள். நாக்கால் உருட்டி விளையாடச் சின்னச் சாவிகள் தொங்கும் கடிவாளம் அதற்கென்றே உண்டு. அப்புறம் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி, நீளக் கயிற்றில் வட்டமாக நடக்க விடுவார்கள். பிறகு இரண்டு நீளக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, கேட், சாலை, டிராக்டர் சத்தம் எல்லாவற்றுக்கும் பழக்குவார்கள். அதெல்லாம் ஆனபிறகு ஒருவர் முதுகின் குறுக்கே படுத்துப் பார்த்து, பிறகு மெதுவாகக் காலைப் போட்டு உட்காருவார். பொறுமையாகச் செய்தால் வாரக்கணக்கில் ஆகும். இதில் குதிரை பயந்துவிட்டால் அந்தப் பயம் அதன் ஆயுசுக்கும் நிற்கும் என்று இங்கே பழக்கும் ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள்.

இவை ஒவ்வொன்றுக்கும் எங்களுக்கு பில் வந்தது. பழக்கும் கூலி, லாடம் அடித்த கூலி, ஆளில்லாமல் தடை தாண்டப் பழக்கிய கூலி, எல்லாம் தனித்தனியாக. கூடவே வீடியோக்கள். பழுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளை நட்சத்திரம், அழகாகப் பாய்ந்து வருகிறது. எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சந்தேகம் வந்தது பாஸ்போர்ட்டால். இங்கே பிறக்கும் ஒவ்வொரு பந்தயக் குதிரைக்கும், பதிவேட்டை வைத்திருக்கும் வெதர்பீஸ் நிறுவனம் பாஸ்போர்ட் கொடுக்கிறது. கழுத்தில் மைக்ரோசிப், டிஎன்ஏ மூலம் பெற்றோர் சரிபார்ப்பு எல்லாம் அதற்குமுன் நடக்கும். பாஸ்போர்ட்டில் குதிரையின் உருவத்தைக் கோட்டோவியமாக அச்சிட்டு, அதன்மேல் வெள்ளைக் குறிகளையும் முடிச்சுழிகளையும் மருத்துவர் வரைந்திருப்பார். சுழி இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி. நம்மூரில் மாடு வாங்கப் போனாலும் குதிரை வாங்கப் போனாலும் பெரியவர்கள் முதலில் தேடுவது சுழியைத்தான். அந்தப் பழக்கத்தில் எங்களில் ஒருவர் பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எங்கள் குதிரைக்கு நெற்றியில் கண்மட்டத்துக்கு மேலே ஒரே சுழி. வீடியோவில் முகம் கேமராவுக்கு அருகில் வரும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால், நட்சத்திரத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுழிகள். நட்சத்திரம் ஒன்றுபோல இருக்கலாம், சுழி இடம் மாறாது. வீடியோவில் வந்தது வேறு குதிரை.

முன்கூட்டிச் சொல்லாமல், நாங்களே அமர்த்திய கால்நடை மருத்துவரோடு போனோம். எங்கள் குதிரை லாயத்தில் இல்லை, பின்னால் ஒரு வயலில் நின்றது. பிடரியில் ஒட்டுமுள் அப்பி, முடி கயிறாகத் திரிந்திருந்தது. குளம்பு நீண்டு ஓரமெல்லாம் பிளந்திருந்தது, ஓர் ஆணித்துளைகூட இல்லை. லாடத்துக்கு மட்டும் மாதாமாதம் பணம் கட்டியிருந்தோம். மருத்துவர் அதன் கழுத்தில் சிப் படிக்கும் கருவியை வைத்ததும் பாஸ்போர்ட்டில் இருந்த அதே எண் வந்தது. வாயருகே கடிவாளத்தைக் கொண்டுபோனால் பல்லை இறுக்கிக்கொண்டு தலையை வானத்துக்குத் தூக்கிவிட்டான். முதுகில் துணி பட்டதும் உடம்பெல்லாம் நடுங்கியது. ஒருவர்கூட அவனைத் தொட்டுப் பழக்கவில்லை. எனக்குப் பணத்தைவிட அந்த நடுக்கம்தான் இன்னும் ஆறவில்லை.

மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்ததில் குரல்வளையின் இடப்பக்கம் சரியாக விரியவில்லை என்றும் தெரிந்தது. மூன்று மைல் ஓட வேண்டிய குதிரைக்கு மூச்சுதான் எல்லாம். வாங்கும்போது எங்களுக்குக் காட்டிய மருத்துவச் சான்றில் இந்தச் சோதனையே இல்லை.

இப்படி அழைப்பு வந்தால் பணம் அனுப்பும் முன் பாருங்கள்: அந்த சிண்டிகேட், அதாவது பங்குதாரர் குழு, இங்குள்ள குதிரைப் பந்தய அமைப்பான ‘ஹார்ஸ் ரேசிங் அயர்லாந்’திடம் பதிவாகியிருக்கிறதா? எங்களுடையது பதிவாகவே இல்லை. குதிரை யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். பந்தயத்தில் ஓட்டும் பயிற்சியாளருக்கு உரிமம் உண்டு, அதற்கான ஒழுங்குமுறை வாரியத்திடம் கேட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் ஆரம்பத்தில் பழக்கும் இடங்களுக்கு அந்த உரிமம் தேவையில்லை. அதனால் அங்கே நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். பாஸ்போர்ட் எப்போதும் குதிரை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். “ஆபீஸில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்” என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மருத்துவர் உங்கள் ஆளாக இருக்கட்டும், கால் எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும் உங்கள் பெயரில் வரட்டும். பங்கை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குதிரையை இப்போது வேறு லாயத்துக்கு மாற்றிவிட்டோம். அங்கே ஓர் அம்மா அவனை முதலிலிருந்து பழக்குகிறார். பந்தயத்துக்கு வருவானா என்று அவர் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை. நெற்றியில் இரட்டைச் சுழியுள்ள பழுப்புக் குதிரை பாய்ந்து வரும் வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால், அடுத்த தவணை கட்டும் முன் எனக்கு அனுப்புங்கள். எங்கள் வக்கீலுக்கு அது தேவைப்படுகிறது.