பழைய கேமுக்குப் பழைய லேப்டாப்: சண்டே மார்க்கெட்டில் எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ கடலூர்ப் பக்கக் காயலான் கடையிலோ பழைய லேப்டாப் சிக்கினால் எல்லோரும் முதலில் கேட்பது ராம் எவ்வளவு என்றுதான். ராமை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். போர்டோடு ஒட்டிய சவுண்ட் சிப்பையும் கிராஃபிக்ஸ் சிப்பையும் மாற்றவே முடியாது. எந்த கேம் ஓடும் என்பதை முடிவு செய்வது அவை இரண்டும்தான்.

டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கட்டளைத்திரை சிஸ்டம்) கேம் மட்டும் போதும் என்றால் 1997-98 வாக்கில் வந்த, பென்டியம் எம்எம்எக்ஸ் போட்ட டோஷிபா சாட்டிலைட் புரோ நல்லது. யமஹா ஓபிஎல்3-எஸ்ஏ சவுண்ட் சிப் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். டூம் கேமின் இசை அதில்தான் அசலாகக் கேட்கும். கேம் தலைதெறிக்க ஓடினால் 'செட்மல்' என்ற சின்ன டாஸ் புரோகிராமால் புராசசரின் கேஷை (வேக நினைவகத்தை) அணைத்து வேகத்தைக் குறைக்கலாம். 3டி கேமை இதில் எதிர்பார்க்க வேண்டாம். டிஎஸ்டிஎன் என்ற பழைய வகைத் திரை என்றால் பாத்திரம் நகரும்போது பின்னால் நிழல் இழுக்கும். டிஎஃப்டி திரையாகவே கேளுங்கள்.

இந்த டோஷிபாக்களுக்கு எமன், கடிகாரத்துக்காக உள்ளே வைத்த நிக்கல் பேட்டரி. கசிந்தால் போர்டின் செம்புத் தடத்தையே அரித்துவிடும். வாங்கியதும் பிரித்து அதைக் கழற்றி எறியுங்கள். தேதி நிற்காது, அவ்வளவுதான். சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தால் பேரமே பேச வேண்டாம்.

அடுத்தது டெல் லாட்டிட்யூட் சி600. பென்டியம் 3, 8 எம்பி ஏடிஐ ரேஜ் மொபிலிட்டி எம்3 கிராஃபிக்ஸ் சிப், ராம் அதிகபட்சம் 512 எம்பி. விண்டோஸ் 98-க்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடைப்பது கஷ்டம். ரோட் ராஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். நீட் ஃபார் ஸ்பீட் (என்எஃப்எஸ்) 2 எஸ்இ கார் ரேஸ் கேமின் 3டி முறை 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் கிராஃபிக்ஸ் கார்டுக்கென்றே எழுதியது. இதில் புராசசரே படம் வரையும் சாஃப்ட்வேர் முறையில்தான் ஆட வேண்டும், ஆனாலும் குறை சொல்ல முடியாது. சில டாஸ் கேம்கள் 'ரன்டைம் எரர் 200' காட்டி நின்றுவிடும். டர்போ பாஸ்கல் என்ற புரோகிராம் மொழியில் எழுதிய புரோகிராம் வேகமான புராசசரில் நேரத்தை அளக்கப் போய், பூஜ்ஜியத்தால் வகுத்தது போன்ற பிழையில் விழுவதுதான் காரணம். அதற்கென்றே பேட்ச் (திருத்தும் சின்ன புரோகிராம்) இருக்கிறது. அடாப்டர் 20 வோல்ட், மூன்று துளை பிளக். தனியாகத் தேடினால் லேசில் கிடைக்காது; அடாப்டர் இல்லாமல் தந்தால் வேண்டாம் என்று நடையைக் கட்டுங்கள்.

மூன்றில் எங்கள் ஓட்டு ஐபிஎம் திங்க்பேட் டி42-க்கு. பென்டியம் எம், விண்டோஸ் எக்ஸ்பி, 16 வோல்ட் 4.5 ஆம்பியர் அடாப்டர். ஜிடிஏ வைஸ் சிட்டி கேமுக்கு 32 எம்பி ரேடியான் 7500 கிராஃபிக்ஸ் சிப் போதும். பிக்சல் ஷேடர் (ஒளி, நிழல் எஃபெக்ட் வரையும் வசதி) கேட்கும் கேம்கள் அதில் திறக்காது. அதற்கு ரேடியான் 9600 உள்ள டி42 வேண்டும். வாங்குமுன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து எது என்று பாருங்கள். டாஸில் இதன் ஏசி97 வகை சவுண்ட் சிப் ஊமையாக இருக்கும்; சவுண்ட் பிளாஸ்டர் கார்டு போல நடிக்கும் 'எஸ்பிஇஎம்யு' புரோகிராம் போட்டால் பேசும். விண்டோஸ் 98 ஏற்றுவதானால் 512 எம்பி ராம் மட்டும் விடுங்கள். அதற்கு மேல் போனால் விகேஷ் என்ற விண்டோஸின் டிஸ்க் கேஷ் நினைவக முகவரிகளை விழுங்கிக்கொண்டு, "போதிய மெமரி இல்லை" என்ற வேடிக்கையான செய்தி வரும்.

டி42-இன் வியாதி கிராஃபிக்ஸ் சிப்பின் சால்டர் (சிப்பைப் போர்டோடு ஒட்டும் பற்று). ஒற்றைக் கையால் மூலையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி, போர்டு வளைந்து அந்தச் சால்டர் விட்டுப்போகும். ஓடும்போதே முன்மூலையை மெல்ல உயர்த்துங்கள். திரையில் கோடு விழுந்தாலோ அப்படியே உறைந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். ரீபால் செய்யும் (சிப்பைக் கழற்றிப் புது சால்டர் வைக்கும்) செலவில் இன்னொன்றே வாங்கலாம்.

கடலோர ஊரின் உப்புக்காற்று முனைகளைக் கெடுக்கும் என்பதால் எந்த மாடலுக்கும் ஒரு வேலை உண்டு. ராம் முனைகளை வெள்ளை ரப்பரால் தேய்த்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். 'பூட் ஆகவில்லை' என்று தள்ளிவிடும் பெட்டிகளில் சில இதிலேயே உயிர்பெறும். திரை ஓரத்தில் ஊதாத் திட்டும் புளித்த வாடையும் இருந்தால் திரையின் போலரைசர் படலம் சிதைகிறது, அது திரும்பாது. ஹார்டிஸ்குக்குப் பதில் 44 முள் ஐடிஇ அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டு போடுங்கள். ஃபிக்ஸட் டிஸ்க்காக (கழற்ற முடியாத டிஸ்க்காக) விண்டோஸுக்குத் தெரியும் இண்டஸ்ட்ரியல் கார்டாகப் பாருங்கள், சாதாரணக் கேமரா கார்டில் விண்டோஸ் முரண்டு பிடிக்கும்.