நிறத்துக்கு முன் பளபளப்பைக் கேட்ட பட்டறை: மன்னார்குடியில் டிராக்டருக்குப் பெயிண்ட் அடித்த அனுபவம்

எங்கள் மாஸி ஃபெர்குசன் 1035 இருபது ஆண்டுகளுக்கு மேல் சேற்றுழவு பார்த்த வண்டி. மட்கார்டில் துரு ஏறி, பானெட்டின் சிவப்பு செங்கல்பொடியாக வெளிறிவிட்டதால், சம்பா அறுவடை முடிந்த கையோடு மாசி மாதத்தில், மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் செல்லும் சாலையில் உள்ள ஒரு பெயிண்டிங் பட்டறையில் அதை விட்டேன். அங்கிருந்த பெயிண்டர் முதலில் கேட்டது, "பளபளப்பு எவ்வளவு வேண்டும்?" என்பதுதான். நிறத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகே வந்தது.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரியும். என் மைத்துனர் தம் வண்டிக்கு வேறோர் இடத்தில் கிளியர் கோட்டுடன் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) கண்ணாடி போலப் பெயிண்ட் அடித்து வந்தபோது, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிய இடத்து மேடு பள்ளங்கள் எல்லாம் வெயிலில் அலை அலையாகத் தெரிந்தன. பளபளப்பு கூடக் கூட, தகட்டின் ஒவ்வொரு நெளிவும் வெளியே வந்துவிடும்.

இந்தப் பட்டறையில் ஒரே சிவப்பு பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட்டை மூன்று கிண்ணங்களில் எடுத்து, பளபளப்பைக் குறைக்கும் மேட்டிங் பேஸ்ட்டை வெவ்வேறு அளவில் எடை போட்டுக் கலந்து, மூன்று தகரத் துண்டுகளில் அடித்தார்கள். அந்தப் பேஸ்ட்டில் இருப்பது நுண்ணிய சிலிக்கா. அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பை உண்டாக்கி ஒளியைச் சிதறடிப்பதால் மினுமினுப்பு குறைகிறது. ஈரத்தில் எல்லாப் பெயிண்ட்டும் பளபளக்கும் என்பதால், ஒரு நாள் காயவைத்த பிறகே துண்டுகளை வெயிலுக்குக் கொண்டுவந்து, பானெட்டின் உட்புறத்தில் வெளிறாமல் எஞ்சியிருந்த பழைய பெயிண்ட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பளபளப்பை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடியை 100 என்று வைத்து, 60 பாகைக் கோணத்தில் அளக்கும் அந்தக் கருவியில், 70-க்கு மேல் வந்தால் உயர் பளபளப்பு, 10-க்குக் கீழ் வந்தால் மேட், அதாவது மங்கல். கருவி இல்லாவிட்டாலும், காய்ந்த துண்டுகளை ஒரே வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்ப்பது இந்த வேலைக்குப் போதுமானது என்றே கருதுகிறேன்.

பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுத்தரப் பளபளப்பு, சாம்பல் நிறச் சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அதனினும் குறைவு, சேறு ஒட்டாமல் கழுவிவிட வேண்டிய சக்கர ரிம்முக்கு முழுப் பளபளப்பு என்று முடிவு செய்தோம்.

ஸ்பிரே வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுகிறார்கள். வெயில் ஏறிய பிறகு, வேகமாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால் துளிகள் தகட்டில் படியும் முன்பே காய்ந்து மணல்போல உட்கார்ந்துவிடும்; மங்கல் வந்தாலும் அது நாம் கேட்ட மங்கல் அன்று. அதனால் மெதுவாக ஆவியாகும் தின்னரையே பயன்படுத்துகிறார்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வண்டியைக் கொண்டுவந்து அவசரப்படுத்துகிறவர்கள், ஈரக்காற்றில், சீக்கிரம் காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இடது மட்கார்டு வலது மட்கார்டைவிட மங்கலாக வந்தது. பெயிண்ட்டில் கலந்த பேஸ்ட் டப்பாவின் அடியில் தங்கிவிட, நன்றாகக் கலக்காமல் அந்த அடிப்பகுதிப் பெயிண்ட்டை இதற்கு அடித்திருக்கிறார்கள். பாலீஷ் போட்டால் சரியாகிவிடும் என்று உதவியாளர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பளபளப்பைக் குறைத்த பரப்பைத் தேய்த்தால், தேய்த்த இடம் மட்டும் திட்டாக மின்னும். பெயிண்டர் அதை ஒப்புக்கொண்டு, மட்கார்டு முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கூடுதல் கூலி வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தார். இரண்டு நாள் தாமதமானது. கலவை விகிதத்தை எழுதிவைக்கும் பழக்கமும் அங்கே இல்லை. நாளை ஒரு தகடு மட்டும் அடிபட்டால் அதே மினுமினுப்பைக் கொண்டுவர அந்தக் கணக்கு வேண்டும் என்பதால், நானே கேட்டு எழுதிக்கொண்டு, தேர்ந்தெடுத்த தகரத் துண்டையும் வாங்கி வந்தேன்.

குறுவைக்குக் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேறு அடித்த பிறகு பார்த்தேன். ரிம் தண்ணீர் பட்டதும் சுத்தமாகிறது. பானெட் அப்படியே இருக்கிறது. சேசிஸின் மூலைகளில் மட்டும் சேறு பிடித்துக்கொண்டு, பிரஷ் போட்டால்தான் போகிறது. அங்கே பேஸ்ட்டைச் சற்றுக் குறைத்திருக்கலாம். அடுத்த முறை அப்படித்தான் கேட்பேன், இதே பட்டறையில்.