யுவாங்கான் அனரோபிக் காபி: மச்சானுக்கு ஒரு பதில்

"விலையை இறக்கிட்டாங்களே, அந்த யுவாங்கான் அனரோபிக்கை இப்பவாவது வாங்கலாமா?" என்று மாண்டலேயில் இருக்கும் மச்சான் கேட்டிருக்கிறார். யுவாங்கான் பர்மாவின் ஷான் மலையில் உள்ள ஊர், அனரோபிக் என்றால் அங்கே காற்றுப் புகாமல் மூடிவைத்துப் புளிக்க வைத்த காபி. ரங்கூனில் நான் மழைக்காலத்துக்கு முன்பிருந்தே அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். போனில் பேசினால் வெறும் திட்டாகத்தான் வரும். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த வாசனை. பையைப் பிரித்ததும் பழுத்து வெடித்த பலாவும் கொஞ்சம் ரம்மும் சேர்ந்தடிக்கிற மாதிரி ஒரு நெடி. முதல் வாரம் அது விருந்து. அப்புறம்தான் தொல்லை தெரியும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாததால் எலக்ட்ரிக் மில்லை மூட்டை கட்டிவிட்டு, வீட்டில் எல்லோருக்கும் ஒரே கை மில்தான். காலையில் நான் இதை அரைத்தால், சாயங்காலம் அம்மாவின் பித்தளை ஃபில்டரில் இறங்குகிற டிகாக்‌ஷனிலும் அது வந்து உட்கார்ந்துவிடுகிறது. டின் பால் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா கேட்டார்: "ஏண்டா, இதுல சாராயம் கீராயம் ஊத்தினியா?" மில்லைக் கழற்றி பிரஷ்ஷால் தட்டி, பச்சரிசி போட்டு அரைத்தும் பார்த்தாயிற்று. போகவில்லை. கடைசியில் அம்மாவுக்குத் தனியாக ஒரு மில் வாங்கினேன். காபி விலையோடு அந்த மில் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மச்சான்.

நெடி எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பழுத்த காபிப் பழங்களை அப்படியே டிரம்மில் போட்டு, காற்று உள்ளே போகாமல் மூடி, உள்ளே கிளம்பும் கரியமில வாயு மட்டும் வெளியேற ஒருவழி வால்வு வைக்கிறார்கள். ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் பழச்சதையில் உள்ள சர்க்கரையைத் தின்று வேலை செய்யும். வினிகர் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும் என்பதால் அது அடங்கிக் கிடக்கும். பிறகு பழத்தை உயரமான பந்தலில் பரப்பி, நிதானமாகக் காய வைப்பார்கள். ஒயின்காரர்களின் இந்த மாதிரி வித்தையைக் காபிக்குக் கொண்டுவந்து ஆஸ்திரேலியாவின் சாசா செஸ்டிச் 2015இல் உலக பரிஸ்டா (காபி போடுபவர்) போட்டியில் ஜெயித்தார். அதற்கப்புறம் எல்லா நாட்டிலும் டிரம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் எரிச்சல் டிரம் மேல் இல்லை, லேபிள் மேல்தான். "96 மணி நேரம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த மணிக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஷான் மலையில் அறுவடைக் காலத்து இரவு நடுங்க வைக்கும், பகல் வெயில் சுடும். குளிரில் 96 மணி நேரம் கிடந்த டிரம்மும், வெயில் ஓரத்தில் அதே 96 மணி நேரம் கிடந்த டிரம்மும் ஒன்றாகுமா? வெப்பம் எவ்வளவு, புளிப்பு எந்த அளவில் நிறுத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சொல்வதில்லை. அதனால்தான் ஒரு பையில் அன்னாசி, அடுத்த பையில் ஊறுகாய். வறுத்த தேதியைக்கூட ரப்பர் ஸ்டாம்பில் அழித்து அழித்துக் குத்தியிருக்கிறார்கள், படிக்க முடியாது. இந்த விலைக்கு ஒரு தேதி போட முடியாதா? கேட்டு எழுதினேன், சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

இன்னொன்று. பையில் ரகம் என்று போட்டிருப்பது கத்திமோரும் எஸ்.795ம். கத்திமோர் 1959இல் போர்ச்சுகலில், இலைத்துரு நோயைத் தாங்குவதற்காக உண்டாக்கியது. திமோர் தீவின் கலப்பினம் வழியாக ரொபஸ்டா என்ற முரட்டுக் காபி இனத்தின் ரத்தம் ஓடுகிற ரகம், கடைசியில் நாக்கில் ஒரு பச்சிலைக் கசப்பை விடும். அதை இந்தப் புளிப்பு மூடிவிடுகிறது, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஸ்.795 என்ன பாவம் செய்தது? சிக்மகளூர்ப் பக்கம் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் உருவான ரகம், இந்தியாவில் இன்றும் பரவலாக நிற்கிறது. டிரம் ஏறாமல், பழத்தோடு காய வைத்த யுவாங்கான் எஸ்.795ஐ நான் குடித்திருக்கிறேன். வெல்லப்பாகு, கொஞ்சம் ஏலம், இதமான புளிப்பு. அந்த ஊரின் தனு இன மக்கள் வீட்டைச் சுற்றி மர நிழலில் வளர்க்கிற பழத்துக்கு அதற்கு மேல் அலங்காரம் தேவையே இல்லை. அனரோபிக்கில் யுவாங்கான் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இதே டிரம்மில் எந்த நாட்டுப் பழத்தைப் போட்டாலும் இதே பலாதான் வரும் என்று தோன்றுகிறது.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். சூட்டோடு குடிக்காதீர்கள். பேப்பர் ஃபில்டரில், கொதி அடங்கிய தண்ணீரில் இறக்கி, கோப்பை கையில் பிடிக்கிற அளவு ஆறட்டும். அந்த ரம் நெடி அடங்கி, அடியில் நாவல்பழம் மாதிரி ஒரு துவர்ப்பும் இனிப்பும் எழும். சர்க்கரை கேட்காது. பைக்குப் பை மாறுகிற காபியில் இந்த ஒன்று மட்டும் இதுவரை மாறவில்லை. காபி மிக்ஸைத் தவிர எதையும் தொடாத எங்கள் ஆபீஸ் பையன்கூட, ஆறிப்போன மிச்சத்தைக் குடித்துவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்டான்.

பால் சேர்ப்பவர் என்றால் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் பையைத் திறந்து வைத்தால் சீக்கிரம் சவசவத்துப்போகும், சின்னப் பையாக எடுக்க வேண்டும். விலை இறங்கியிருப்பது பழைய அறுவடையைத் தள்ளிவிடத்தான் என்பது என் சந்தேகம். ஆகவே மச்சான், நீங்கள் வாங்காதீர்கள், அதே ஊரின் சாதாரண எஸ்.795ஐ வாங்குங்கள். எனக்கு மட்டும் புது அறுவடை டிரம் வந்ததும் ரெண்டு பை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.