‘பரம்பரை வேல்ஸ் டார்ட்டன்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்: கில்ட் வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிரிட்டனில் கல்யாணத்துக்கு கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும், கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை) எடுக்க நினைப்பவர்கள், அதுவும் வேல்ஸ் டார்ட்டனில், அதாவது வேல்ஸுக்கென்று வண்ணக் கட்டம் போட்டு நெய்த துணியில், தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் கடை நடத்தும் ஒருவர் எங்களிடம் 450 பவுண்டு வாங்கிக்கொண்டு, கம்பளி என்ற பெயரில் அக்ரிலிக் என்ற செயற்கை நூல் துணியையும், பரம்பரை என்ற பெயரில் ஒரு கட்டுக்கதையையும் அனுப்பிவைத்தார்.

என் மகளுக்கு கார்டிஃபில் கல்யாணம். மாப்பிள்ளை வேல்ஸ்காரர். மாப்பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டு முறை என்பதால், அவர் ஆசைப்பட்ட கில்ட்டை நாங்களே எடுத்துத் தருகிறோம் என்று சொல்லியிருந்தோம். அவருடைய குடும்பப் பெயரில் ஒரு டார்ட்டன் உண்டு. அந்தக் கடையின் பக்கத்தில் “வேல்ஸ் இளவரசர்கள் காலத்துக் குலக் கட்டம், சுத்தக் கம்பளி, வேல்ஸிலேயே நெய்தது, 8 கஜம், கைத்தையல்” என்று போட்டிருந்தது. ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

பெட்டியைப் பிரித்துத் தூக்கியதுமே எடை இல்லை. 8 கஜம் என்றால் 7 மீட்டருக்கு மேல் கம்பளி. கையில் கனக்க வேண்டும். இது பள்ளிக்கூடப் பாவாடை மாதிரி இருந்தது. சம்பந்தி அதைத் தனக்குத் தெரிந்த ஒரு கில்ட் தையல்காரரிடம் கொண்டுபோனார். அவர் முதலில் கீழ் ஓரத்தைத்தான் திருப்பிப் பார்த்தார். நல்ல கில்ட்டில் துணியின் நெசவுக்கரையே கீழ் விளிம்பாக வரும், மடித்துத் தைக்க மாட்டார்கள். இதில் மெஷினில் மடித்து அடித்திருந்தது. அப்புறம் பின்பக்கக் கொசுவம். கொசுவத்தை மடித்த பிறகும் கட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து முன்பக்கத்தில் உள்ள அதே வடிவம் பின்னாலும் தெரியும்படி அமைப்பார்கள். ஒரே கோடு வரிசையாக வரும்படி மடிக்கிற முறையும் உண்டு. இதில் இரண்டும் இல்லை, கோடுகள் இஷ்டத்துக்கு ஓடின. கடைசியாக உள்பக்கத்திலிருந்து ஒரு நூலை உருவி, நாம் பட்டு நூலை எரித்துப் பார்ப்போமே, அதே போல எரித்துக் காட்டினார். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகிக் கெட்டியான மணியாக நின்றது.

அளவு கேட்ட விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. கில்ட் இடுப்பெலும்பில் நிற்பதில்லை, தொப்புள் உயரத்தில் கட்டுவது. கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் வர வேண்டும். அதனால் ஒழுங்கான தையல்காரர் தொப்புள் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தொப்புளிலிருந்து முழங்கால்வரை நீளம் எல்லாம் கேட்பார். எங்களிடம் பேன்ட் சைஸ் மட்டும்தான் கேட்டார்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வந்தது, கூடவே வைத்திருந்த ‘குலச் சான்றிதழ்’ மேல்தான். முத்திரை, டிராகன் படம், மாப்பிள்ளையின் குடும்பப் பெயர், நூற்றாண்டுக் கணக்கில் வரலாறு, எல்லாம் அச்சடித்திருந்தது. அத்தனையும் பொய். வேல்ஸில் அந்தக் காலத்தில் மகன் பெயரோடு அப்பா பெயரைச் சேர்த்துத்தான் வழங்கினார்கள். ‘ரீஸின் மகன்’ என்ற பொருளில் ‘அப் ரீஸ்’ என்று இருந்ததுதான் பிரைஸ் ஆனது, ‘அப் ஹவல்’ பவல் ஆனது. நிலையான குடும்பப் பெயர்கள் பின்னால் வந்தவை. ஒரே பெயர் உள்ள ஆயிரம் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் இருக்கும். அப்படியிருக்க இளவரசர் காலத்துக் குலக் கட்டம் எங்கிருந்து வரும்? வேல்ஸ் தேசிய டார்ட்டன் என்று இப்போது சொல்கிறார்களே, பச்சை சிவப்பு வெள்ளையில் இருப்பது, அதுவே 1967-ல் உருவானது. குடும்பப் பெயர் டார்ட்டன்கள் பெரும்பாலும் 2000-ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும் வந்தவை. ஸ்காட்லாந்திலேயே குலத்துக்கு ஒரு கட்டம் என்ற வழக்கம் பெரிதாகப் பரவியது, 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்த காலத்தை ஒட்டித்தான்.

புதியது என்பதால் அது மட்டமானது என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு அந்தக் கட்டம் பிடிக்கும், தன் நாட்டையும் மொழியையும் நினைத்து உடுத்த ஆசைப்படுகிறார். மார்ச் 1-ஆம் தேதி புனித டேவிட் தினத்திலும் கல்யாணங்களிலும் பலர் அப்படித்தான் உடுத்துகிறார்கள். அது உண்மையான அன்பு. அந்த அன்பை வைத்துப் பொய் விற்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும், “அளவுக்குத் தைத்தது, சட்டப்படி திருப்பி எடுக்க வேண்டியதில்லை” என்று பதில் வந்தது. இந்தப் பதிலைக் கேட்டு நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இணையத்தில் வாங்கினால் மனம் மாறி 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமைதான் அளவுத்தையலுக்குக் கிடையாது. சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்கு அளவுத்தையல் தடையில்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் எங்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவு: 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. கடைக்காரரின் மின்னஞ்சல்கள், தையல்காரர் எழுதிக் கொடுத்த குறிப்பு, படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வங்கிக்கு அனுப்பினோம். பணம் வந்தது. கல்யாணத்துக்கு வேல்ஸ் தேசிய டார்ட்டனில் ஒரு நல்ல கம்பளி கில்ட்டை வாடகைக்கு எடுத்தோம்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், டார்ட்டன் பெயரை முதலில் ஸ்காட்டிஷ் டார்ட்டன் பதிவேட்டில் தேடுங்கள். 2009-லிருந்து அரசு நடத்துவது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், வேல்ஸ் கட்டங்களும் இருக்கின்றன. பதிவில் இருப்பதாலேயே ஒரு கட்டம் பழமையானது ஆகிவிடாது. புதிதாக வரைந்ததையும் பதியலாம். ஆனால் யார் வடிவமைத்தது, எப்போது என்ற விவரம் அங்கே கிடைக்கும், கடைக்காரர் சொல்லும் கதையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்புறம் எந்த ஆலையில் நெய்தது, துணி கஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் எடை என்று எழுத்தில் கேளுங்கள். கனமான கில்ட் துணி என்றால் 16 அவுன்ஸ், அதைவிட லேசானது 13 என்று உடனே சொல்வார்கள். ஆலையின் பெயரைச் சொல்லத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.

அந்தக் கடை இன்னும் நடக்கிறது, பக்கத்தில் அதே இளவரசர் கதை அப்படியே இருக்கிறது. மக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறோம். அவர்கள் வழியாகத்தான் அது கடைகளின் மோசடிகளை விசாரிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குப் போகும். இதே மாதிரி சான்றிதழோடு உங்களுக்கும் கில்ட் வந்திருந்தால் நீங்களும் அங்கே பதியுங்கள்.