யேகர்: மூன்று ஏஜென்ட்டுகளின் தடம் ஒரே திரையில்

தண்டையார்பேட்டையில் துறைமுக லாரிகளுக்கு முறை ஒதுக்கும் மென்பொருள் எழுதுகிறேன். அதில் மூன்று ஏஜென்ட்டுகள், அதாவது தாமே முடிவெடுத்து வேலை செய்யும் ஏஐ நிரல்கள். ஒரு ஏஜென்ட் கன்டெய்னர் சீட்டைப் படிக்கும், இன்னொன்று லாரி தேடும், மூன்றாவது டிரைவருக்குச் செய்தி அனுப்பும். போன மாதம் ஒரே டிரைவருக்கு அதே செய்தி நாலு முறை போய்விட்டது. மூன்று லாக் கோப்புகளையும் புரட்டினேன், பிடிபடவில்லை.

அப்புறம்தான் யேகரை நிறுவினேன். ஊபரில் 2015இல் உருவான இலவசக் கருவி. பிரவுசரில் 16686 போர்ட்டைத் திறந்தால் ஒரு கோரிக்கையின் முழுப் பயணமும் பட்டை பட்டையாகத் தெரிகிறது. லாரி தேடலின் கீழே அதே அழைப்பு நாலு பட்டைகளாக நின்றது. பதில் தாமதமானதும் என் நிரலே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது!

ஏஜென்ட் ஏன் அப்படி முடிவெடுத்தது என்பது தானாகத் தெரியாது. பிராம்ப்டையும் (ஏஜென்ட்டுக்குத் தரும் கட்டளை) பதிலையும் நாமே ஸ்பானில், அதாவது அந்தப் பட்டைக்குரிய பதிவில், சேர்க்க வேண்டும். டிரைவரின் போன் எண்ணை மட்டும் தயவுசெய்து அதில் சேர்த்துவிடாதீர்கள்.