அட்டையா, பலகையா, டேப்லெட்டா?

என் அண்ணனுக்கு 41 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு, பேச்சு வராது. படம் காட்டிப் பேசும் வழிகளில் மூன்றை வருடக்கணக்கில் பழகிப் பார்த்தோம். வீட்டில் நிலைத்தது பலகைதான்.

முதலில் வந்தது அட்டை. 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கிய 'பெக்ஸ்' முறை. காபி வேண்டுமென்றால் காபி படத்தை எடுத்து வந்து நம் கையில் கொடுக்க வேண்டும்; நாமும் உடனே காபியைக் கொடுத்துவிட வேண்டும். தானாக ஒருவரைத் தேடி வந்து பேச்சைத் தொடங்க அண்ணன் கற்றது இதில்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தம் ஆறு கட்டம். கண்டதை, கேட்டதைச் சொல்வது கடைசிக் கட்டத்தில்தான் வரும். அண்ணன் மூன்றாவதோடு நின்றுவிட்டார். அப்புறம், ஓர் அட்டை பீரோவுக்கு அடியில் போனால் அந்தச் சொல்லும் போச்சு.

பலகை என்பது ஏ4 தாளில் கட்டம் கட்டமாகப் படங்கள், மேலே லேமினேஷன். அவ்வளவுதான். ஒவ்வொரு படமும் தினமும் அதே இடத்தில் இருக்கும். நாமும் அதையே தொட்டுப் பேசலாம். நாம் தொடுவதைப் பார்த்துத்தானே அவர் கற்க முடியும்? மூன்று மாதம் நான் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி அம்மா பால் டம்ளரை நீட்டினார். அண்ணன் 'வேண்டாம்' படத்தில் விரலை வைத்தார். டம்ளர் திரும்பிப் போகும்வரை எடுக்கவில்லை. அவருக்குப் பால் பிடிக்கும் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தோம்.

டேப்லெட்டின் அருமை வெளியில் தெரியும். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' போன்ற செயலிகளில் படத்தைத் தொட்டால் குரல் வரும். டீக்கடையில் "டீ, சர்க்கரை வேண்டாம்" என்று கேட்டதும், கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அண்ணனிடம் "பிஸ்கட் வேணுமாண்ணே?" என்றார். ஆனால் வெயிலில் திரை தெரியாது, சார்ஜ் தீரும், விலையும் அதிகம். "அட்டையில் தேறட்டும், பிறகு டேப்லெட்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி ஒரு நுழைவுத் தேர்வு எதற்குமே கிடையாது.

எதை எடுத்தாலும் படங்களைப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த ரெடிமேட் தொகுப்பில் பந்தும் பலூனும்தான் இருந்தன. 41 வயது ஆளுக்கு ஷேவிங், பஸ், மாத்திரை, 'போதும்', 'தனியா விடு' எல்லாம் வேண்டும். டம்ளரை நாமே போட்டோ எடுக்கலாம். 'போதும்' என்பதற்குக் கோட்டோவியம்தான் சரி. அந்தரங்க உறுப்புகளும் 'அடிச்சாங்க' என்பதும் கட்டாயம் இருக்கட்டும். அதை ஒட்டும்போது அம்மா தயங்கினார். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்வது வெளியாள் என்று சொன்னேன். அவரே பசையை எடுத்துக் கொடுத்தார்.